முன்னால் போகிறவர் என்ன செய்வார்? காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் போடும் கணக்கு

1997-ம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்ற கம்ப்யூட்டர், அன்றைய உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. ஆனாலும் நத்தம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, கோபால்பட்டி, சாணார்பட்டி வழியாகத் திண்டுக்கல் வரை ஒரு காரைத் தானாகவே ஓட்டிக்கொண்டு போகும் கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை. "செஸ்ஸில் ஜெயிக்கிற கம்ப்யூட்டருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதா?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஸ்டியரிங் பிடிப்பது சுலபம். செஸ் பலகையில் குதிரை எப்படித் தாவும் என்பதற்கு விதி இருக்கிறது. குதிரையும் அந்த விதியை மீறாது. ரோட்டில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. ஆனால் வண்டி அந்த விதிப்படிதான் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆகவே காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், ரோட்டைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ரோட்டில் இருக்கும் மனிதர் அடுத்த ஓரிரு விநாடியில் என்ன செய்வார் என்று ஊகித்தாக வேண்டும். இந்த ஊகத்துக்காக எழுதப்படும் புரோகிராமை டிரைவர் மாடல் என்கிறார்கள். மனிதனின் ஓட்டும் பழக்கத்தைச் சில எண்களாக மாற்றி வைத்திருக்கும் ஒரு பொம்மை டிரைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சாப்ட்வேர் எஞ்சினியர். சொந்த ஊர் நத்தம். அந்தப் பொம்மை டிரைவர் எந்த ஊர்க்காரர் என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

பாதி கார், பாதி ஆள்

முழுவதும் தானாக ஓடும் கார் வேறு, டிரைவருக்கு உதவி செய்யும் கார் வேறு. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற எஞ்சினியர்கள் அமைப்பு 2014-ல் இதை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரித்தது. 0 என்றால் எல்லாம் நீங்கள்தான். 5 என்றால் ஸ்டியரிங்கே தேவையில்லை. நம் நாட்டில் 2021-ல் வந்த எம்.ஜி. ஆஸ்டர், மகிந்திரா எக்ஸ்.யு.வி. 700 போன்ற கார்களில் இருப்பது பாதி தானியங்கி வசதி. ஏடாஸ் என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அதுதான். முன் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், கோட்டை விட்டு விலகினால் இழுத்துப் பிடிக்கும், மோதப் போகிறது என்று தோன்றினால் பிரேக் போடும். பொறுப்பு முழுவதும் டிரைவர் சீட்டில் இருப்பவருடையதே.

டிரைவர் இல்லாத காருக்கு இந்தியாவில் அனுமதி இல்லை, லட்சக்கணக்கானவர்களின் வேலை போய்விடும் என்று 2017-ல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி கூறினார். அது தனி விவாதம். நம் ரோட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாதி தானியங்கி காரை மட்டும் இங்கே பார்ப்போம். இதில்தான் சிக்கல் அதிகம் என்பது என் கருத்து. இது ஊகிக்க வேண்டிய ஆட்கள் இரண்டு: வெளியே போகிறவர், சீட்டில் உட்கார்ந்திருப்பவர்.

எண்களாக மாறும் டிரைவர்

மனிதன் வண்டி ஓட்டுவதைச் சமன்பாடாக எழுதும் முயற்சி புதிதல்ல. 1950-களிலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு காரின் பின்னால் இன்னொரு கார் எப்படிப் போகிறது என்று அளந்து பார்த்தார்கள். 2000-ல் ஜெர்மனியில் டிரைபர், ஹென்னெக்கே, ஹெல்பிங் என்ற மூவர் வெளியிட்ட மாடல் இன்றும் மிகப் பிரபலம். 'புத்திசாலி டிரைவர் மாடல்' என்று அதற்குப் பெயர். பெயர்தான் பெரியது. முக்கியமாக ஐந்தே எண்கள். நீங்கள் போக விரும்பும் வேகம், முன் வண்டிக்கும் உங்களுக்கும் விடும் இடைவெளி விநாடிக் கணக்கில், நின்றிருக்கும்போது விடும் குறைந்தபட்ச இடைவெளி, எவ்வளவு வேகமாக வேகம் எடுப்பீர்கள், எவ்வளவு அழுத்தி பிரேக் போடுவீர்கள். இந்த ஐந்தையும் கொடுத்தால், ஒவ்வொரு நொடியும் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிப்பாரா, பிரேக்கை மிதிப்பாரா என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும்.

அந்தக் கட்டுரையில் அவர்கள் எடுத்துக்கொண்ட இடைவெளி 1.6 விநாடி, குறைந்தபட்ச தூரம் 2 மீட்டர். கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோ மீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு 16.7 மீட்டர். 1.6 விநாடிக்கு சுமார் 27 மீட்டர். அதோடு 2 சேர்த்தால் 29 மீட்டர். ஆக, இந்தப் பொம்மை டிரைவர் முன்னால் போகும் லாரிக்குப் பின்னால் 29 மீட்டர் விட்டுப் போவார்.

திண்டுக்கல் ரோட்டில் 29 மீட்டர் இடம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு ஷேர் ஆட்டோ உள்ளே நுழையும். உடனே நம் கார் ஆட்டோவுக்குப் பின்னால் மறுபடி 29 மீட்டர் விட வேண்டும் என்று பிரேக் பிடிக்கும். அந்த இடத்தில் இரண்டு பைக் வரும். மறுபடி பிரேக். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். மாடலில் கணக்குப் பிழை ஏதும் இல்லை. ஜெர்மன் நெடுஞ்சாலைக்கு அது சரியான எண்தான். இங்கே அந்த இடைவெளியைப் பார்க்கிறவர் "பாதுகாப்புக்காக விட்டது" என்று படிப்பதில்லை, "வா" என்று கூப்பிட்டதாகப் படிக்கிறார்.

புளியங்கொட்டையில் ஒரு சிமுலேஷன்

இதையெல்லாம் பெரிய கம்ப்யூட்டரில்தான் செய்ய முடியும் என்று நினைக்காதீர்கள். 1992-ல் கை நாகெல், மைக்கேல் ஷ்ரெக்கென்பெர்க் என்ற இரு ஜெர்மானியர்கள் எழுதிய மாடல் நான்கே விதிகள் கொண்டது. முதலில் காகிதத்தில் விளையாடிப் பாருங்கள். நத்தம் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை.

வட்டமாக 30 கட்டங்கள் வரையுங்கள். 8 புளியங்கொட்டைகளை ஆங்காங்கே வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு வண்டி. எல்லா வண்டிக்கும் ஆரம்ப வேகம் 0. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா வண்டிகளுக்கும் இப்படிச் செய்ய வேண்டும். முதலில், வேகம் 3-க்குக் குறைவாக இருந்தால் ஒன்று கூட்டுங்கள். அடுத்து, முன்னால் இருக்கும் காலிக் கட்டங்களை எண்ணுங்கள். வேகம் அதைவிட அதிகமாக இருந்தால், காலிக் கட்டங்களின் எண்ணிக்கைக்கே குறைத்துவிடுங்கள். மூன்றாவதாக, லூடோ பகடையை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால், வேகத்தில் இன்னொன்று குறையுங்கள். கடைசியாக, எல்லா வண்டிகளுக்கும் வேகம் முடிவான பிறகு, அத்தனையையும் ஒரே நேரத்தில் அத்தனை கட்டம் நகர்த்துங்கள். மூல மாடலில் உச்ச வேகம் 5; நம் சின்ன வட்டத்துக்கு 3 போதும்.

முதலில் பகடை இல்லாமல் ஆடுங்கள். சில சுற்றுகளுக்குள் வண்டிகள் சீராக ஓட ஆரம்பித்துவிடும். இப்போது பகடையைச் சேருங்கள். எங்கோ ஓர் இடத்தில் மூன்று நான்கு கொட்டைகள் ஒட்டி நிற்கும். விபத்து இல்லை, சிக்னல் இல்லை, மாடு படுத்திருக்கவில்லை. ஆனாலும் டிராபிக் ஜாம்! கவனித்துப் பார்த்தால் வண்டிகள் முன்னால் போக, ஜாம் மட்டும் பின்னோக்கி நகரும். இது காகித வேடிக்கை மட்டுமல்ல. ஜப்பானில் 22 கார்களை 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லி ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். அங்கும் காரணமே இல்லாமல் இதே மாதிரி ஜாம் உருவாகிப் பின்னோக்கி நகர்ந்தது. 2008-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள்.

அந்தப் பகடைதான் மனிதன். செல்போனைப் பார்க்கிறவர், தேவையில்லாமல் பிரேக் தொடுகிறவர், கடைப் பலகையைப் படிப்பவர் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தால் இதையே அதில் செய்யலாம். ஒரு வரிசையில் எல்லா வண்டிகளின் இடம், அதற்குப் பக்கத்தில் அவற்றின் வேகம்; கீழே உள்ள ஒவ்வொரு வரிசையும் அடுத்த விநாடி. பகடைக்குப் பதில் ராண்ட் என்ற பங்ஷன். எஃப் 9 கீயை அழுத்தும்போதெல்லாம் பகடை புதிதாக உருளும். பகடையின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். டிரைவர் மாடல் என்றால் என்ன என்று பத்துப் பக்கம் படிப்பதைவிட அரை மணி நேரத்தில் நன்றாகப் புரியும்.

இந்த விளையாட்டில் ஒரு கட்டம் என்பது 7.5 மீட்டர். நெரிசலில் ஒரு கார் அடைத்துக்கொள்ளும் நீளம். ஒரு கட்டத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைதாப்பேட்டைப் பாலம்

பொம்மை டிரைவருக்குள் போடும் எண்கள் எங்கிருந்து வருகின்றன? நிஜ டிரைவர்களை வீடியோ எடுத்து, ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு கணமும் எங்கே இருந்தது என்று குறித்துத்தான். உலகம் முழுவதும் மிக அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட இத்தகைய பதிவுகளில் ஒன்று, 2005 ஜூன் மாதம் ஒரு காலை வேளையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 101-ம் எண் நெடுஞ்சாலையில் எடுத்தது. 640 மீட்டர் நீளம், 45 நிமிடம், விநாடிக்குப் பத்து முறை ஒவ்வொரு வண்டியின் இடமும் பதிவானது. அதில் ஏறக்குறைய எல்லாம் கார்களும் லாரிகளும். மோட்டார் சைக்கிள் மிகச் சொற்பம். ஆட்டோ கிடையாது. எல்லோரும் கோட்டுக்குள் போகிறார்கள்.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். சென்னை சைதாப்பேட்டையில் அடையாறு ஆற்றின் மேல் இருக்கும் மறைமலை அடிகள் பாலம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே போன வண்டிகளை வீடியோவில் எடுத்து, சுமார் 250 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய மூவாயிரம் வண்டிகளின் பாதையை அரை விநாடிக்கு ஒரு முறை குறித்தார்கள். வெங்கடேசன் கனகராஜ், கௌரி ஆசைத்தம்பி உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் இதை வெளியிட்டார்கள். அதில் பாதிக்கும் மேல் இரு சக்கர வாகனங்கள். அவை ஒரு வண்டியின் பின்னால் நேராகப் போவதே குறைவு. இரண்டு வண்டிகளுக்கு நடுவே கொஞ்சம் ஒதுங்கி, அடுத்த சந்து எங்கே திறக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகின்றன. புளியங்கொட்டை விளையாட்டின் விதி இங்கே உடைந்துவிடுகிறது. ஒரு கட்டத்துக்குள் இரண்டு பைக் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 'முன்னால் போகும் வண்டி எது' என்ற கேள்விக்கே ஒரு பதில் கிடையாது.

இதற்கு முன்பே, 2013-ல், வெளிநாட்டு மாடல்கள் உட்பட நான்கு மாடல்களை நம் கலப்பு டிராபிக்கில் வைத்து ஐ.ஐ.டி. மெட்ராஸ் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள். மேலே சொன்ன புத்திசாலி டிரைவர் மாடலும் அதில் ஒன்று.

கேமரா பக்கமும் இதே கதைதான். கார் கேமராவுக்கு ரோட்டை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கும் பிரபலமான படத் தொகுப்பு சிட்டிஸ்கேப்ஸ். 2016-ல் வந்தது. ஜெர்மனியிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் 50 நகரங்களில் எடுத்த படங்கள். ஆட்டோரிக்ஷாவுக்கு அதில் தனி இடம் இல்லை. 2018-ல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி., இன்டெல் நிறுவனத்துடன் சேர்ந்து இந்திய ரோடுகளுக்கென ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஹைதராபாத், பெங்களூரு, அவற்றின் சுற்றுப்புறங்களில் 182 முறை வண்டி ஓட்டி எடுத்தவற்றிலிருந்து பத்தாயிரம் படங்கள், 34 வகைகள். ஆட்டோவும் உண்டு, விலங்கும் உண்டு. ரோட்டை ஒட்டிய மண் தரைக்கும் தனி வகை வைத்திருக்கிறார்கள். நம்மூரில் மண் தரையும் ரோடுதானே!

விலங்கு என்றதும் ஞாபகம் வருகிறது. 2017-ல் வோல்வோ கம்பெனியின் விலங்கு கண்டுபிடிக்கும் சாப்ட்வேர் ஆஸ்திரேலியாவில் கங்காருவிடம் திணறியது. ஸ்வீடனில் மான் வகைகளைப் பார்த்துப் பழகிய சாப்ட்வேர், விலங்கின் கால் தரையில் இருக்கும் இடத்தை வைத்துத் தூரத்தைக் கணித்தது. கங்காரு துள்ளி அந்தரத்தில் இருக்கும்போது தூரத்தில் இருப்பதாகவும், தரையில் இறங்கியதும் பக்கத்தில் வந்துவிட்டதாகவும் கணக்கு மாறிமாறி வந்தது. சிறுமலைப் பக்கமிருந்து ரோட்டைக் கடக்கும் ஆட்டு மந்தைக்கு என்ன கணக்கு வரும் என்று நான் யோசித்ததுண்டு.

யாருடைய வண்டி பதிவில் இருக்கிறது என்பது வெறும் புள்ளிவிவரப் பிரச்னை இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். லாஸ் ஏஞ்சலஸ் பதிவில் எந்த வகை வண்டி சொற்பமோ, அதே வண்டியில்தான் இங்கே அதிகம் பேர் சாகிறார்கள்.

5.6 விநாடி

ஊகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதனை செய்துகொண்டிருந்த தானியங்கி கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண் மீது மோதியது. அவர் இறந்துபோனார். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-ல் முழு விசாரணை முடிவை வெளியிட்டது.

படிக்கும்போது மனது கனக்கிறது. மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே ரேடார் அவரைப் பார்த்துவிட்டது. கார் அப்போது ஏறக்குறைய 70 கிலோ மீட்டர் வேகம். அந்த வேகத்தில் 5.6 விநாடி என்றால் 100 மீட்டருக்கு மேல். தாராளமாக நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாப்ட்வேர் அவரை ஒரு முறை வண்டி என்றது, ஒரு முறை ஏதோ பொருள் என்றது, ஒரு முறை சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அவர் அதுவரை எங்கிருந்து எங்கே நகர்ந்தார் என்ற பழைய பதிவை விட்டுவிட்டு, புதிதாகக் கணக்கை ஆரம்பித்தது. ஏனென்றால், பாதசாரிக் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் நடந்து கடப்பார் என்ற எண்ணமே அந்த சாப்ட்வேரில் எழுதப்படவில்லை. கண் தெரிந்தது, மனிதனைத் தெரியவில்லை.

நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா சமயத்தில் ஊருக்குள் வந்து பாருங்கள். பாதசாரிக் கோட்டில்தான் கடப்பேன் என்று யார் காத்திருக்கிறார்கள்? அந்த சாப்ட்வேரின் கணக்குப்படி, ரோட்டைக் கடக்கும் அத்தனை பேரும் இல்லாத ஆட்கள்.

அந்தக் காரில் ஆபத்து வந்தால் பிரேக் போடுவதற்கென்றே ஓர் ஊழியர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பார்வை செல்போனில் இருந்தது. இங்கே இரண்டாவது ஊகமும் தவறியது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருக்கும்போது, எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் மனிதன் மணிக்கணக்கில் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான் என்ற ஊகம்.

சீட்டில் இருப்பவரைப் படிப்பது

இந்த இரண்டாவது பிரச்னையை முன்கூட்டியே எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர். ராம் வாசுதேவன், ரூசெனா பாய்ச்சி, பிரான்செஸ்கோ பொரெல்லி, கேத்தரின் டிரிக்ஸ்-கேம்பெல் போன்றவர்கள் 2012 முதல் சில ஆண்டுகள் இதில் வேலை செய்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். டிரைவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார், கை எங்கே இருக்கிறது என்று பார்க்க அவர்கள் பயன்படுத்தியது என்ன தெரியுமா? மைக்ரோசாப்ட் வீடியோ கேமுக்காக விற்ற கினெக்ட் கேமரா! சிமுலேட்டர் காரில் ஆட்களை உட்காரவைத்து ஓட்டச் சொல்லி, அவர்களுடைய உடம்பு நிலையையும் வண்டி போகும் பாதையையும் சேர்த்துக் கம்ப்யூட்டருக்குப் பழக்கினார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? இதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கார் கம்ப்யூட்டர், டிரைவர் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அடுத்த அரை விநாடியில் வண்டி போகக்கூடிய இடம் சின்னதாக இருக்கும். இரண்டு விநாடி தாண்டினால் ரோடு முழுவதும், பக்கத்து வாய்க்கால் உட்பட, போகக்கூடிய இடமாகிவிடும். எல்லாமே ஆபத்து என்று தெரியும். அப்படியானால் கம்ப்யூட்டர் எந்நேரமும் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தவிர்க்க, கடைசி அரை விநாடி வரை சும்மா இருந்துவிட்டு அப்புறம் பிரேக் போட்டால், தாமதமாகிவிடுகிறது. மாறாக, டிரைவர் எப்போதும் ஒழுங்காக ஓட்டுவார் என்று நம்பினால் உதவியே செய்யாது. இரண்டுக்கும் நடுவில், "இந்த ஆள், இப்படி உட்கார்ந்திருக்கும்போது, வழக்கமாக இந்த அளவுதான் விலகுவார்" என்று தெரிந்தால், தேவைப்படும்போது மட்டும் குறுக்கிடலாம். கை போனில் இருக்கும்போது அந்த 'வழக்கமான அளவு' பெரிதாகிறது. கம்ப்யூட்டரும் சீக்கிரம் உஷாராகிறது.

எங்கள் உறவில் ஒரு மாமா பல வருடங்களாக மினி பஸ் ஓட்டுகிறார். ஊருக்குப் போகும்போது அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்டு நச்சரிப்பது என் வழக்கம். "முன்னாடி போறவன் திரும்பப் போறான்னு எப்படி மாமா தெரியும்?" என்றால், "தோளைப் பாருடா, தலை அப்புறம்தான் திரும்பும்" என்பார். பைக்கின் பின் சீட்டில் இருக்கும் பெண் முந்தானையைச் சரிசெய்தால் வண்டி நிற்கப் போகிறது. ரோட்டோரம் ஒருவர் கையை லேசாகத் தூக்கினால், முன்னால் போகும் ஷேர் ஆட்டோ இண்டிகேட்டர் போடாமல் நிற்கும். பள்ளிக்கூடப் பையன் தனியாக நின்றால் கடக்க மாட்டான்; எதிர்ப் பக்கம் நண்பன் நின்றால் ஓடுவான். இவை எல்லாமே ஊகங்கள்தான். ஆனால் குருட்டு ஊகமில்லை, காரணத்தோடு கூடியவை.

இங்கேதான் எனக்குப் பகடை விஷயத்தில் ஒரு மனத்தாங்கல். நம் டிராபிக்கை ஒழுங்கே இல்லாதது என்று சொல்லி, பகடையைப் பெரிதாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது சோம்பேறித்தனம். மதுரையிலிருந்து நத்தம் வரும் தேசிய நெடுஞ்சாலை 785-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குள் 7.3 கிலோ மீட்டர் மேம்பாலமும், அதைத் தாண்டி நான்கு வழிச் சாலையும் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டன. அருமையான ரோடு. அதில் எதிர்த் திசையில் வரும் பைக்கை நான் பார்க்காத நாள் கிடையாது. அவர் பைத்தியக்காரர் இல்லை. அவருடைய தோட்டம் இந்தப் பக்கம். நடுத் தடுப்பில் திரும்பும் இடம் வெகு தூரத்தில். பெட்ரோலும் மிச்சம், நேரமும் மிச்சம். தவறுதான். ஆனாலும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் அப்படி வருவார்கள் என்று உள்ளூர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஊகிக்க முடிகிற ஒன்றை எதேச்சையாக நடப்பது என்று எழுதிவைத்தால், அந்த மாடல் எண்பது கிலோ மீட்டர் வேகத்தில் அவர் எதிரே போய் நிற்கும்.

பஸ்ஸில் ஏறிய கம்ப்யூட்டர்

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் நாக்பூர். 2021-ல் ஐராஸ்தே என்ற திட்டம் அங்கே தொடங்கியது. இன்டெல், ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி., மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், மகிந்திரா, நாக்பூர் மாநகராட்சி ஆகியவை கூட்டாக நடத்தியது. மாநகராட்சி பஸ்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி பொருத்தினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், டிரைவரை எச்சரிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. எந்த இடத்தில் கருவி அடிக்கடி அலறுகிறது என்று வரைபடத்தில் குறித்தார்கள். ஒரே இடத்தில் பல டிரைவர்களுக்கு அலறினால், குற்றம் டிரைவரிடம் இல்லை, ரோட்டில் இருக்கிறது. விபத்து நடக்கும் முன்பே அந்த இடத்தைச் சரிசெய்ய வழி பிறக்கிறது. அதோடு, நம் ரோட்டில் நம் டிரைவர் ஓட்டும் விதமும் பதிவாகிறது.

பெரிய பஸ், லாரிகளில் தானாக பிரேக் போடும் வசதி, தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடிக்கும் வசதி, கோடு விலகினால் எச்சரிக்கும் வசதி ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய அரசு 2025 மார்ச்சில் வெளியிட்டது. பஸ், லாரிகளில் இவை வரத்தான் போகின்றன. தூக்கத்தைக் கண்டுபிடிப்பது எந்த ஊர் டிரைவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கண் இமை எங்கும் ஒரே மாதிரிதான் மூடுகிறது. கோடு விலகல் அப்படி இல்லை. கோடே அழிந்துபோன கிராமத்து ரோட்டில் அது எதைப் பார்த்து எச்சரிக்கும்?

நீங்கள் இப்போது இப்படி ஒரு கார் வாங்கும் எண்ணத்தில் இருந்தால், ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு வேலை செய்யலாம். பல கார் கம்பெனிகள் வெப்சைட்டில் உரிமையாளர் கையேட்டை பி.டி.எஃப். பைலாக வைத்திருக்கின்றன. அதை டவுன்லோடு செய்யுங்கள். கண்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தினால் தேடும் கட்டம் வரும். அதில் மோட்டார் சைக்கிள், பாதசாரி, விலங்கு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக அடித்துத் தேடுங்கள். எந்த வேகத்துக்கு மேல் அல்லது கீழ் பிரேக் வசதி வேலை செய்யாது, எதிரே வரும் வண்டிக்கு வேலை செய்யுமா, குறுக்கே வருவதற்கு வேலை செய்யுமா, இரவில், மழையில், எதிர் வெயிலில் என்ன ஆகும் என்பதெல்லாம் விளம்பரத்தில் இருக்காது. பெரும்பாலும் அங்கே, சின்ன எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் டிரைவ் போகும்போது விற்பனையாளரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இடைவெளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டன் எங்கே இருக்கிறது, ஒவ்வொரு படியிலும் எத்தனை விநாடி என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.